அடி சைக்ளோன் அடைத்த இரவு: சிமென்ட் சூளையில் கழிவு எரிபொருள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னிரவு 2:40-க்கு கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. "சார், அடி சைக்ளோன்ல கோன் பிரஷர் ஜீரோவுக்கு வந்துடுச்சு. ஃபீடை நிறுத்திட்டோம்." சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காக: சூடான வாயுவிலிருந்து மாவைச் சுழற்றிப் பிரிக்கும் பெரிய பாத்திரம்தான் சைக்ளோன். அதன் அடியில் புனல் போலக் குறுகும் பகுதிதான் கோன். அங்கே எந்நேரமும் கொஞ்சம் உறிஞ்சு அழுத்தம் இருக்கும். அது ஜீரோவுக்கு வந்தால் புனலின் வாய் அடைத்துவிட்டது என்று பொருள். நாளைக்கு 3000 டன் கிளிங்கர் (அரைத்தால் சிமென்டாகும் உருண்டை) எடுக்கும் சூளைக்குள் நிமிடத்துக்கு 3 டன்னுக்கு மேல் மூலப்பொடி போய்க்கொண்டிருக்கும். கீழே வாய் மூடிக்கொண்டால் ஐந்தே நிமிடத்தில் மேலே ஒரு சின்னக் குன்று நிற்கும், 800 டிகிரிக்கு மேல் தகித்துக்கொண்டு.

அன்று அதை உடைத்து இறக்க 11 மணி நேரம் ஆனது. இது நடந்தது கழிவிலிருந்து தயாரித்த எரிபொருளை மொத்த வெப்பத்தில் 20% வரை ஏற்றிய மூன்றாவது வாரத்தில். அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு முறை அடைத்தது. ஏன் அடைத்தது, நாங்கள் முதலில் எதையெல்லாம் தப்பாகச் சந்தேகித்தோம், கடைசியில் எது மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். இந்த வகைச் சூளை எங்கே இருந்தாலும் இதே கதை நடக்கலாம்.

முதலில் சூளையைப் பார்த்துவிடுவோம்

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் மாவாக அரைத்து ஐந்து அடுக்கு சைக்ளோன்கள் வழியாக மேலிருந்து கீழே விடுவோம். சூளையிலிருந்து வரும் சூடான வாயு கீழிருந்து மேலே போகும். வழியில் மாவு சூடேறி, கால்சினர் என்ற உயரமான குழாயில் 850 முதல் 900 டிகிரியில் சுண்ணாம்புக்கல் உடைந்து கரியமில வாயுவை விடும். அப்புறம் அடி சைக்ளோன் வழியாகச் சுழலும் சூளைக்குள் இறங்கி, சுமார் 1450 டிகிரியில் கிளிங்கர் உருண்டைகளாகும். சூளையின் மறுமுனையில் இருக்கும் முதன்மை பர்னரின் தீநாக்கு 2000 டிகிரி அளவில் இருக்கும்.

இந்த அமைப்பு கழிவை எரிக்க வசதியானது என்று எல்லாரும் சொல்வது சும்மா இல்லை. வெப்பம் அதிகம், வாயு உள்ளே தங்கும் நேரம் அதிகம், சுற்றிலும் சுண்ணாம்பு மிதந்துகொண்டிருப்பதால் அமில வாயுக்களில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். எரித்த பிறகு சாம்பல் என்று தனியாக ஒன்று மிஞ்சாது. சிலிக்காவும் அலுமினாவும் இரும்பும் கிளிங்கரிலேயே கலந்துவிடும். பழைய டயரை எரித்தால் அதிலுள்ள எஃகுக் கம்பிகூட வீணாவதில்லை, மூலப்பொருளில் சேர்க்க வேண்டிய இரும்பு அந்த அளவுக்குக் குறையும். ஜெர்மனியின் சிமென்ட் ஆலைகள் 1980-களின் கடைசியில் வெப்பத் தேவையில் சில சதவீதத்தைத்தான் கழிவிலிருந்து எடுத்தன. இன்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்படித்தான் கிடைக்கிறது. ஆகவே எரியுமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது.

எங்கள் ஆலைக்கு வந்த சரக்கு நகரக் குப்பையிலிருந்து பிரித்து, கம்பி, கல், கண்ணாடி நீக்கி, துண்டாக்கியது. ஆலையில் எல்லாரும் ஆர்.டி.எஃப். என்றே சொல்வார்கள். கையில் அள்ளினால் பிளாஸ்டிக் தாள், அட்டை, துணிக் கிழிசல், கொஞ்சம் ரப்பர், அடையாளம் தெரியாத ஒரு பழுப்புத் தூசி. முதன்மை பர்னரில் போட வேண்டுமானால் துண்டுகள் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பறக்கும்போதே எரிந்து முடியாது. கால்சினர் அவ்வளவு கறார் இல்லை. 50, 60 மில்லிமீட்டர் துண்டையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் முழுவதையும் கால்சினருக்கே கொடுத்தோம். முதன்மை பர்னர் வழக்கம்போல பெட்கோக்கும் (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) நிலக்கரியும் கலந்து ஓடியது.

முதல் 5% பிரச்சினையே இல்லாமல் போனது. 10%-லும் பெரிய தலைவலி இல்லை. எடை பெல்ட்டில் சரக்கு ஒட்டி ஒட்டி விழுந்ததால் அவ்வப்போது கார்பன் மோனாக்சைடு துள்ளியது. பொதி கட்டிய கம்பியும் நீளத் துணியும் திருகு கன்வேயரின் தண்டில் சுற்றிக்கொண்டு, ஷிஃப்டுக்கு ஒருமுறை யாராவது கத்தியோடு இறங்க வேண்டியிருந்தது. இதெல்லாம் சலிப்பூட்டும் வேலை, ஆபத்தான வேலை இல்லை. அந்தத் தெம்பில்தான் 20%-க்குப் போனோம்.

அந்த 11 மணி நேரம்

அடைத்த சைக்ளோனைத் திறப்பது பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் இந்த வேலையில் ஆட்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். 800 டிகிரி மாவு மணல் போல இருக்காது. காற்றும் கலந்திருப்பதால் தண்ணீர் போல ஓடும். மேலே பாலம் போட்டு நிற்கும் கட்டி திடீரென்று உடைந்தால், சின்னத் துவாரம் வழியாகக்கூட பீய்ச்சி அடிக்கும். முழு வெப்ப உடை போட்டவர்கள் மட்டும்தான் அந்தத் தளத்தில் நிற்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு துவாரம்தான் திறந்திருக்க வேண்டும். கீழ்த் தளங்களில் ஒரு ஆள் இருக்கக் கூடாது. சூளையின் தலைப்பக்கத்திலும் குளிரூட்டியிலும்கூட யாரும் இருக்கக் கூடாது, ஏனென்றால் உடைந்த மாவு அந்த வழியாகவும் ஓடி வரும். எங்கள் மூத்த ஃபோர்மேன் ஒவ்வொரு தளமாக ஏறி ஆட்களை எண்ணிவிட்டுத்தான் கம்பியைக் கையில் எடுக்க விட்டார். அதற்கே ஒரு மணி நேரம் போனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

இறங்கிய கட்டியை ஆறவைத்துப் பார்த்தேன். வெளியே சாம்பல் நிறம். உடைத்தால் உள்ளே வெங்காயம் போலத் தோல் தோலாக இருந்தது, சில தோல்களுக்கு இடையில் வெள்ளையாகப் பளபளப்பு. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன்; அன்று ஒருவர் வைத்தார், "உப்பு சார்" என்றார். விடை அப்போதே எங்கள் கையில் இருந்தது. அதை நம்ப எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

தப்பான சந்தேகங்கள்

முதல் குற்றவாளி ஈரம். அந்த வாரம் வந்த சரக்கு நனைந்திருந்தது, 20% இருக்க வேண்டிய ஈரம் 30%-ஐத் தொட்டது. எல்லாரும் மழையைக் குறை சொன்னார்கள். நானும்தான். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது நிற்கவில்லை. 1 டன் கிளிங்கருக்கு எங்கள் சூளைக்கு சுமார் 3300 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அதில் 20% என்றால் 660 மெகாஜூல். சரக்கின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 15 மெகாஜூல், அதாவது சுமார் 3600 கிலோகலோரி. அப்படியானால் 1 டன் கிளிங்கருக்கு 44 கிலோ ஆர்.டி.எஃப். ஈரம் 10% கூடினால் கூடுதலாக 4.4 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கச் சுமார் 10 மெகாஜூல் போகும். 3300-ல் 10. ஈரம் எரிபொருளின் தரத்தைக் கெடுக்கும், வாயுவின் அளவைக் கூட்டி, அதை இழுக்கும் ஐ.டி. ஃபேனைத் திணறடிக்கும், உற்பத்தியைக் குறைக்கும். ஆனால் சைக்ளோனுக்குள் வெங்காயத் தோலை வளர்க்காது.

அடுத்து கந்தகம். இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. பெட்கோக்கில் கந்தகம் 5, 6 சதவீதம்கூட இருக்கும். அந்த வாரக் கிளிங்கர் உருண்டைகளைச் சுத்தியலால் உடைத்தால் சிலவற்றின் நடுவில் பழுப்பு நிறக் கரு தெரிந்தது. அது ஆக்சிஜன் பற்றாக்குறையின் முத்திரை. எரியாத எரிபொருள் கிளிங்கர் படுகையில் விழுந்து அங்கேயே புகைந்தால் இப்படி ஆகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கால்சியம் சல்ஃபேட் சீக்கிரம் உடையும், கந்தகம் வாயுவாகி மேலே ஏறும், மேலே குளிர்ந்து மாவோடு ஒட்டும். சரி, சூளை வாயிலில் ஆக்சிஜனைக் கூட்டுவோம் என்று கூட்டினோம். இரண்டாவது அடைப்பு வந்தது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. ஆர்.டி.எஃப். முழுவதையும் கால்சினரில் போடுகிறோம். மிதந்து எரிய வேண்டிய சரக்கு சூளைப் படுகைக்கு எப்படி வந்தது? ஏதோ கனமான துண்டுகள் வாயுவின் இழுப்பையும் மீறிக் கீழே விழுகின்றன. பிளாஸ்டிக் தாள் அப்படி விழாது.

குளோரின் என்ற பசை

உள்ளே வரும் குளோரின் மூலப்பொடியில் இருக்கும் பொட்டாசியத்தோடு சேர்ந்து பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகும். அது சுமார் 770 டிகிரியில் உருகும். சூளையின் எரி மண்டலத்தில் அநேகமாக முழுவதும் ஆவியாகிவிடும். ஆவியாக மேலே வந்து, 800 டிகிரி மாவைத் தொட்டதும் அதன் மேலேயே பசையாகப் படியும். மாவு அதைச் சுமந்துகொண்டு மறுபடி சூளைக்குள் இறங்கும். மறுபடி ஆவி. கிளிங்கரோடு வெளியே போவது கொஞ்சம்தான், புகைபோக்கி வழியாகப் போவது அதைவிடக் கொஞ்சம். ஆக உள்ளே வரும் குளோரின் எல்லாம் அடி சைக்ளோனுக்கும் சூளைக்கும் நடுவே சுற்றிச் சுற்றிப் பெருகும். தெருமுனையில் ஒரே வட்டத்தில் மாட்டிக்கொண்ட போக்குவரத்து மாதிரி: நுழைகிறவர்கள் கொஞ்சம்தான், ஆனால் யாரும் வெளியேறுவதில்லை.

தொழிலில் கைக்கணக்காக ஒரு வரம்பு சொல்வார்கள். பைபாஸ் (குளோரினை வாயுவோடு வெளியே இழுக்கும் தனி வழி) இல்லாத சூளைக்குள் 1 டன் கிளிங்கருக்கு மொத்தம் 300 கிராம் குளோரின் வரை போகலாம். அதற்கு மேல் போனால் படிவும் அடைப்பும் வரிசை கட்டும். எங்கள் மூலப்பொடியில் 0.005% குளோரின் இருந்தது. 1 டன் கிளிங்கருக்கு 1.6 டன் பொடி என்றால் 80 கிராம். மிச்சம் 220 கிராம்தான் எரிபொருளுக்கு இடம். 44 கிலோ ஆர்.டி.எஃப்.-ல் 0.5% குளோரின் இருந்தால் சரியாக 220. சப்ளையர் சான்றிதழில் எழுதியிருந்ததும் 0.5%. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். இந்தக் கணக்கை வைத்துத்தான் 20% என்ற இலக்கே போடப்பட்டது. ஓரம் என்று ஒன்று விடவே இல்லை.

இப்போது பி.வி.சி.யைப் பார்ப்போம். அதன் எடையில் சுமார் 57% குளோரின். 1 டன் ஆர்.டி.எஃப்.-ல் 5 கிலோ பி.வி.சி. கூடினால் போதும், குளோரின் 0.28% ஏறி 0.8%-ஐ ஒட்டி வந்துவிடும். அப்போது சூளைக்குள் போவது 430 கிராம். 1000 கிலோவில் 5 கிலோ என்பது இரண்டு மூன்று குழாய்த் துண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

நாங்கள் அடி சைக்ளோன் குழாயிலிருந்து ஹாட் மீல், அதாவது சூளைக்குள் இறங்கும் சூடான மாவு, மாதிரி எடுத்தோம். நீளக் கைப்பிடி போட்ட எஃகுக் கிண்ணத்தை உள்ளே விட்டு, செக்கச்செவேல் என்று இருக்கும் மாவை ஒரு கை அளவுக்கு இழுத்து, தகரத் தட்டில் கொட்டி ஆறவைக்க வேண்டும். பழைய நாட்களில் அதில் குளோரின் 0.9% இருந்தது. அடைப்புக்கு மறுநாள் 2.3%. மூன்றாவது அடைப்புக்குப் பிறகுதான் இந்த எண்ணை யாரும் உரக்கச் சொன்னார்கள். அதுவரை அந்த மாதிரியை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, அறிக்கையின் ஏழாவது பக்கத்தில் போட்டு, மறந்துகொண்டிருந்தோம்.

தாமிரக் கம்பி

ஆனால் ஆர்.டி.எஃப். மாதிரியில் 0.5%-தான் வந்தது. எங்கள் ஆய்வகத்திலேயே. திரும்பத் திரும்ப. சப்ளையரைக் குறை சொல்ல வழியில்லை. வேறு எங்கிருந்தோ குளோரின் வருகிறது என்று நிலக்கரி, களிமண், தெளிக்கும் தண்ணீர் வரை சோதித்தோம்.

முடிச்சை அவிழ்த்தவர் ஆய்வகத்தில் முப்பது வருடம் ஓட்டிய கெமிஸ்ட். ஒரு மதியம் லாரி இறங்கும் கொட்டகைக்கு வந்து நின்றார். மாதிரி எடுக்கும் பையன் லாரியின் மேல் ஏறி, மூன்று இடத்தில் கை விட்டு அள்ளி, பையைக் கட்டி இறங்கினான். "மேல இருக்கிறதைத்தானே தம்பி அள்ளுறே, அடியில என்ன இருக்குன்னு பாத்தியா?" என்றார். லாரி கொட்டியதும் குவியலின் அடியிலிருந்து அவரே ஒரு பக்கெட் அள்ளினார். இன்னொரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துச் சரக்கை அதில் போட்டுக் கலக்கினார். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பி.வி.சி.யின் அடர்த்தி 1.4, மூழ்கும். கிலோமீட்டர் கணக்கில் ஆடிக்கொண்டே வரும் லாரியில் கனமான துண்டுகள் அடியில் இறங்கியிருந்தன. எங்கள் பையன் மாதிரிக்கு எடுத்தது எப்போதும் மேலே இருந்த தாள்தான்.

மூழ்கியதெல்லாம் பி.வி.சி. இல்லை. தண்ணீர்ப் பாட்டில் பிளாஸ்டிக்கும் மூழ்கும், ஈர அட்டையும் மூழ்கும். அதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு தாமிரக் கம்பியை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, ஒரு சாம்பல் நிறத் துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினார். தீ பச்சையாக எரிந்தது. குளோரினுக்கு அதுதான் அடையாளம், பள்ளிக்கூட வேதியியல். அடுத்த துண்டு, பச்சை. ஒரு மெல்லிய உறை, கேபிளுக்கு மேல் இருப்பது, பச்சை. தரைவிரிப்புத் துண்டு, நல்ல பச்சை. எக்ஸ்-ரே கருவிக்குப் போவதற்கு முன்னாலேயே கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

குப்பை பிரிக்கும் நிலையம் சில வாரங்களுக்கு முன் இடிக்கப்பட்ட கட்டடங்களின் சரக்கையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. குழாய், கேபிள் உறை, ஜன்னல் சட்டம் எல்லாம் அதில் வரும். மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் சராசரி குளோரின்தான் எழுதியிருந்தது, எங்கிருந்து வரும் சரக்கு என்று எழுதவில்லை. லாரிக்கு லாரி பார்த்தபோது 0.3% முதல் 1.4% வரை ஊசலாடியது. 1.4% சரக்கு இரண்டு மூன்று லாரி அடுத்தடுத்து வந்தால், அந்த ஒரு ஷிஃப்டில் சூளைக்குள் இறங்கும் குளோரினுக்கு மாதச் சராசரி என்ன என்பது தெரியவா போகிறது? பழுப்புக் கருவுக்கும் இதே துண்டுகள்தான் காரணம். தடித்த பி.வி.சி. துண்டு கால்சினரில் மிதக்காமல் கீழே சூளை வாயிலில் விழுந்து அங்கே புகைந்திருக்கிறது. ஒரே பொருள் பசையையும் கொண்டுவந்தது, கந்தகத்தையும் கிளப்பிவிட்டது.

என்ன செய்தோம்

மாதிரி எடுப்பதை மாற்றியதுதான் பெரிய வேலை. லாரியைத் தரையில் கொட்டி, லோடரால் இரண்டு முறை புரட்டி, குவியலை நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை எடுத்து, அதை மறுபடி நாலாக்கி, கடைசியில் ஒரு வாளி. லாரிக்கு 25 நிமிடம் கூடுதல். நாளைக்கு 130 டன், அதாவது 13 லாரி. இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும் என்றதும் கணக்குப் பிரிவில் முகம் சுளித்தார்கள். ஒரு அடைப்பில் போன உற்பத்தியைக் காட்டியதும் கையெழுத்து வந்தது.

ஒப்பந்தத்தில் சராசரியோடு ஒரு உச்சவரம்பும் சேர்ந்தது: எந்த லாரியும் 0.8%-ஐத் தாண்டக் கூடாது, கட்டட இடிபாட்டுச் சரக்கு தனியாக வர வேண்டும். கொட்டகையில் மூன்று நாள் சரக்கை அடுக்கடுக்காகப் பரப்பி, குறுக்காக வெட்டி எடுத்தோம். நிலக்கரிக்கு எப்போதும் செய்வதுதான். குப்பைக்கு அந்த மரியாதையை யாரும் கொடுத்திருக்கவில்லை. மூன்று நாள் சரக்கைச் சேர்த்து வைப்பதில் தீ பயம் உண்டு. ஈரமான குவியல் தானாகச் சூடேறும், அப்புறம் எங்கேயாவது ஒரு லித்தியம் பேட்டரி ஒளிந்திருக்கும். வெப்பக் கேமராவும் தண்ணீர்ப் பீரங்கியும் போட்ட பிறகுதான் அதைத் தொடங்கினோம்.

சூளைப் பக்கம், வாயிலில் ஆக்சிஜனைக் குறையவிடாமல் பிடித்தோம், சூளையிலிருந்து வாயு மேலே ஏறும் ரைசர் குழாயில், காற்றை வேகமாக அடித்துப் படிவை உதிர்க்கும் ஏர் கேனன்கள் கூடின. ஹாட் மீல் மாதிரி வாரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு ஒன்று என்று மாறியது. 1.5% தொட்டால் ஆர்.டி.எஃப்.-ஐப் பாதியாக்கும் அதிகாரம் ஆப்பரேட்டருக்கே. என்னிடம் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் வேலை செய்தது. அதன் பிறகு ஒரு வருடம் 18%-ல் ஓடினோம், அடைப்பு இல்லாமல்.

பைபாஸ் போட்டுவிட்டால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. சூளை வாயிலில் வாயுவில் ஒரு பங்கை வெளியே இழுத்து, சட்டென்று குளிரவைத்து, உறையும் குளோரைடைத் தூசியோடு பிடித்துவிடும் ஏற்பாடு அது. வேலை செய்யும். இழுக்கும் ஒவ்வொரு 1% வாயுவுக்கும் 1 டன் கிளிங்கருக்கு 6 முதல் 12 மெகாஜூல் வெப்பம் வீணாகும். 5% இழுத்தால் எங்கள் வெப்பத்தில் 1 முதல் 2 சதவீதம் போச்சு. அது பரவாயில்லை. பிடித்த தூசியை எங்கே போடுவது? சிமென்ட் அரைக்கும்போது கலக்கலாம், ஆனால் சிமென்டில் குளோரைடு 0.10%-க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். குளோரின் எங்கேயும் மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது.

போடும் இடம்

எங்கள் தவறில் நஷ்டப்பட்டது ஆலை மட்டும்தான். இதே துறையில் ஊரே நஷ்டப்பட்ட ஒரு நிகழ்வு ஆஸ்திரியாவின் கேர்ன்டன் மாநிலத்தில், கோர்ட்ஷிட்ஸ் பள்ளத்தாக்கில் நடந்தது. பழைய ரசாயனக் கிடங்கிலிருந்து தோண்டிய சுண்ணாம்புச் சேற்றை அங்குள்ள சிமென்ட் ஆலையில் பயன்படுத்தினார்கள். அதில் ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. 2014-ல் அந்தப் பகுதியின் பாலிலும் கால்நடைத் தீவனத்திலும் அது தென்பட்டது. நவம்பரில் விஷயம் பொதுமக்களுக்குத் தெரிந்தது. சேறு போதுமான வெப்பத்தைப் பார்க்கவில்லை. ரசாயனம் அழியாமல் ஆவியாகி வாயுவோடு வெளியே போய்விட்டது.

அதன் கொதிநிலை சுமார் 320 டிகிரி என்று நினைவில் வைத்துக்கொண்டு யோசித்தால் இது எளிதாகப் புரியும். அப்படிப்பட்ட ஒன்றை மூலப்பொடியோடு மேலிருந்து விட்டால், மேல் சைக்ளோன்களிலேயே ஆவியாகும். வாயுவோ வெளியே போகும் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2000 டிகிரித் தீநாக்கை அது எட்டிக்கூடப் பார்க்காது. இதற்கு எதிர்ப்பக்கமாக, 2003-ல் வியட்நாமின் ஹோன் சோங் ஆலையில் காலாவதியான பூச்சிக்கொல்லிகளை முதன்மை பர்னர் வழியாகச் செலுத்திச் சோதித்தார்கள். 99.9999%-க்கு மேல் அழிந்தது. இரண்டும் சிமென்ட் சூளைகள்தான். சூளை எதையும் அழிக்கும் என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் எந்த வாய் வழியாகப் போட்டால் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சூளையைப் பற்றவைக்கும்போதும் நிறுத்தும்போதும் கழிவைத் தொடக் கூடாது என்ற விதிக்கும் இதுதான் அடிப்படை. எங்கள் ஆலையில் கால்சினர் 850 டிகிரியைத் தொடாமல் ஆர்.டி.எஃப். பெல்ட்டே நகராது, கண்ட்ரோல் சிஸ்டத்திலேயே பூட்டு.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 தொழிற்சாலை உமிழ்வு விதி, கழிவு எரிக்கும் சிமென்ட் சூளைக்கு டையாக்சின் வரம்பை கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்றும் பாதரசத்தை 0.05 மில்லிகிராம் என்றும் வைத்திருக்கிறது. டையாக்சினைச் சூளை வெப்பமும் சட்டென்ற குளிர்ச்சியும் பார்த்துக்கொள்ளும். பாதரசத்திடம் சூளை தோற்றுவிடும்; அது கிளிங்கரில் ஒட்டாமல் ஆவியாகவே போகும். அதைத் தடுக்க முதல் வழி உள்ளே விடாமல் இருப்பது. மறுபடி லாரி, மறுபடி மாதிரி.

பசுமைக் கணக்கு

இந்தத் திட்டத்தை ஆரம்பித்தபோது அறிக்கைகளில் பச்சை இலைப் படம் நிறைய இருந்தது. உண்மைக் கணக்கு இதுதான். 1 டன் கிளிங்கரில் சுண்ணாம்புக்கல் உடைவதாலேயே 525 கிலோ அளவில் கரியமில வாயு வரும். எதை எரித்தாலும் அது குறையாது. எரிபொருளிலிருந்து நிலக்கரியாக இருந்தால் சுமார் 310 கிலோ. அதில் 20%-ஐ மாற்றினோம் என்றால் 62 கிலோ நிலக்கரி வாயு போகிறது. அதற்குப் பதில் வரும் ஆர்.டி.எஃப்.-ம் வாயு விடும். அதில் பாதி காகிதம், துணி, மரம் போன்ற உயிர்ப்பொருள் என்று தாராளமாக வைத்தால் மீதிப் பாதி, அதாவது 30 கிலோ சொச்சம், பிளாஸ்டிக்கிலிருந்து வரும் புதைபடிவ வாயுதான். மிச்சம் 30 கிலோ. மொத்தத்தில் 4%-க்கும் குறைவு. குப்பைமேட்டில் மீத்தேன் குறைவது இதற்கு மேல் ஒரு நன்மை, ஆனால் அதை ஆலையின் கணக்கில் எழுதிக்கொள்வது எனக்கு உவப்பில்லை. மறுசுழற்சி செய்யக்கூடிய பிளாஸ்டிக்கைச் சூளைக்கு அனுப்பினால் அந்தக் கொஞ்ச லாபமும் போய்விடும்.

இப்போது 25%-க்குப் போகலாமா என்று பேச்சு நடக்கிறது. அப்படியென்றால் 1 டன் கிளிங்கருக்கு 55 கிலோ சரக்கு. மூலப்பொடியின் 80 கிராம் அப்படியேதான் இருக்கும், எரிபொருளுக்கு அதே 220 கிராம் இடம்தான். பைபாஸ் இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் குளோரின் 0.4%-க்குள் வர வேண்டும், அதுவும் லாரிக்கு லாரி. மூன்று சப்ளையர்களிடம் கேட்டோம். சராசரி 0.4% தருகிறேன் என்று மூவருமே சொன்னார்கள். லாரிக்கு லாரி என்ற வரியின் கீழே இதுவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை.